பூனைக்காதுக்குக் காற்று பார்த்தது யார்?

லீலாபாய் டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் நாகர்கோவிலில் கருவூல வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். போன் அடித்தது. எங்கள் பள்ளியில் வேதியியல் எடுத்த தாசன் சார். “பகவதி டீச்சர், நம்ம லீலா டீச்சர் போயிட்டாவ. காலையில காப்பி போட எந்திரிச்சவ அடுக்களையிலயே விழுந்து கெடந்துருக்காவ” என்றார். நான் “எந்த லீலா டீச்சர்?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த லீலா டீச்சர் ஒரே ஒருவர்தான். அப்படியும் கேட்டேன். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். மெஷின் என் விரலை இரண்டு தடவை ஏற்கவில்லை. “ஈரமா இருக்கு, தொடச்சிட்டு வைங்கம்மா” என்றாள் அந்தப் பெண்.

இதை வாசிக்கிற நீங்கள் பெரும்பாலும் அவரிடம் படித்தவர்கள், இல்லாவிட்டால் அவரோடு வேலை பார்த்தவர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு ஒரு கதை தெரியும். பூனைக்காது மலையில் காற்றில் மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி இறக்கப்பட்ட கதை. அடக்க ஆராதனையிலும் அதைச் சொன்னார்கள். பேசினவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: “காத்துகூடப் பாக்காம மலையேறின தைரியசாலி நம்ம டீச்சர்.” சபையில் எல்லாரும் அழுகைக்கு நடுவே மெல்லச் சிரித்தார்கள். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். அந்த இடத்தில் எழுந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அந்தக் கதையில் ஒரு இடம் தப்பு. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள், இன்னொருத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். அதனால்தான் பள்ளியில் அவர் நினைவாகப் போடுகிற மலருக்கு இரண்டு பக்கம் கேட்டபோது சரி என்றேன்.

முதலில் அவரைச் சொல்லிவிடுகிறேன். அவர் புவியியல், நான் கணக்கு. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் அவர் பாடம் முடிந்ததும் என் பாடம். மணி அடித்தால் வெளியே வருகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் சாக்பீஸோடு வாசலில் நிற்பேன். “ரெண்டு நிமிசம் பகவதி, இந்த ஆறு கடலுக்குப் போயிச் சேரட்டும்” என்பார். ஆறு சேர்வதற்குப் பத்து நிமிடம் ஆகும். முதல் ஒரு வருடம் இதற்காகவே அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். எனக்குக் கொஞ்சம் வெப்ராளம் அதிகம், பொசுக்கென்று கோபம் வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது வருடம் தலைமையாசிரியரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக அவர் என் மேசையில் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார். கருப்பில் சிவப்புப் புள்ளி போட்ட கல். “பேப்பர் பறக்காம வச்சுக்கோ. நல்ல பழைய கல்லு, நம்ம ரெண்டுபேரு சண்டையெல்லாம் அதுக்குத் தூசி” என்றார். அன்றிலிருந்து சிநேகம்.

அந்த வகுப்பின் ஜன்னல் வழியாக மலைத்தொடர் ஒரே வரிசையாகத் தெரியும். பெரிய மலைகளுக்கெல்லாம் பெயர் உண்டு, கோவில் உண்டு, ஏறிப் போகிறவர்கள் உண்டு. நடுவில் ஒரு சின்ன மொட்டை உச்சி, இரண்டு முனையாகப் பிளந்து நிற்கும். ஆடு மேய்க்கிறவர்கள் பூனைக்காது என்பார்கள். யாருக்கும் வேண்டாத மலை. ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், அந்தப் பூனைக்காதுக்கு மேல என்ன இருக்கு?” என்று கேட்டிருக்கிறாள். லீலா டீச்சர் தெரியாது என்றார். அடுத்த வருடம் வேறொரு வகுப்பில் வேறொரு பிள்ளையும் அதையே கேட்டது. அன்று ஆசிரியர் அறைக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. “ஒரு கேள்விக்கு ரெண்டு தடவை தெரியாதுண்ணு சொல்லப்பிடாது, ஏட்டி. ஒரு தடவை சொன்னா நேர்மை. ரெண்டாவது தடவை சொன்னா சோம்பல்” என்றார். இவர் ஏறப் போகிறார், என்னையும் விடப் போவதில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவருக்கு ஐம்பத்து நாலு வயது, எனக்கு ஐம்பத்து இரண்டு. அவர் கணவர் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது, மகன் தோகாவில். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தனி வீட்டில் இருந்தார். என் வீடு ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், தோவாளையில். என் வீட்டுக்காரர் காற்றாலைப் பராமரிப்பில் சூப்பர்வைசர். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்து வாசியுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆட்கள் காற்று எப்படி என்று பார்க்க வானத்தைப் பார்ப்பதில்லை, மரத்தைப் பார்ப்பதில்லை. பின்வாசலைத் திறந்து காற்றாலையைப் பார்ப்போம். விசிறி சுற்றினால் காற்று, நின்றால் காற்று இல்லை. துணி காயப் போடுவதிலிருந்து பந்தல் போடுவது வரைக்கும் அப்படித்தான். அதிலும் நான் காற்றாலைக்காரர் பெண்டாட்டி. லீலா டீச்சருக்கு அது பெரிய தகுதியாகத் தெரிந்தது. “இடம் நான் பாத்துக்கிடுகேன், காத்து நீ பாரு” என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை, ஒரு சனிக்கிழமை. புரட்டாசி நடுவில் காற்று ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் ஓய்ந்திருக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு அவர் போன் செய்தார். “பகவதி, காத்து எப்பிடி? இருந்துதுண்ணா சொல்லு, வேற நாளு பாத்துக்கிடலாம். எனக்கு என்னமோ ராத்திரி ஜன்னல் அடிச்ச மாதிரி இருந்து.” என் வீட்டுக்காரர் அதற்கு முன்னாலேயே வேலைக்குப் போயிருந்தார், மலையேறுகிற விஷயத்தை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே பின்வாசலைத் திறந்தேன். மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்கெட்டிய வரைக்கும் எல்லாக் காற்றாலையும் நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. “ஒண்ணும் சுத்தல டீச்சர். இதவிட நல்ல நாள் கெடைக்காது, கெளம்பி வாங்க” என்றேன். அவர் மறுபடியும் கேட்டார்: “நல்லாப் பாத்தியா?” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இருபத்தஞ்சு வருசமா இதையேதான் பாத்துட்டு இருக்கேன்” என்றேன்.

என் மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் சுடிதார்மேல் கணவருடைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். பையில் இரண்டு ஏத்தம்பழம், ஒரு பொதி முந்திரிக்கொத்து, தண்ணீர், ஒரு நோட்டு. பாதி மலை வரைக்கும் ஆட்டுத் தடம் இருந்தது. அதற்கு மேல் தடம் இல்லை, இஞ்சிப்புல்தான், என் தலைக்கு மேல் நின்றது. கையை வைத்தால் கீறும். புல் முடிந்ததும் வெறும் பாறை, அதுவும் காலை வைத்தால் பொடிந்து உருளுகிற பாறை. நான் நாலு காலில்தான் ஏறினேன். அவர் முன்னால் போய், ஒவ்வொரு கல்லையும் மிதித்து அசைத்துப் பார்த்து, “இது நல்லது, இது கள்ளன்” என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்பதரைக்கு முதல் காதில் ஏறி நின்றோம். அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் இரண்டாவது காதுதான் ஒரு முழமோ இரண்டு முழமோ உயரம் கூட என்று அவருக்குப் பட்டது.

இரண்டு காதுக்கும் நடுவே பாலம்போல ஒரு இடுக்கு. நீளம் ஒரு பஸ் அளவு இருக்கும். அகலம் வீட்டு மாடிப்படி அளவு. இரண்டு பக்கமும் கீழே பார்க்கக் கூடாது. நாங்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தோம். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பக்கம் போய் ஏறி நின்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேற்கே நாஞ்சில் நாடு முழுக்கப் பச்சை, குளமும் வயலும் தென்னையுமாக. கிழக்கே திரும்பினால் பழுப்பு, உடைமரமும் செம்மண்ணும். ஒரே மலைக்கு இரண்டு பக்கம் இரண்டு ஊர். லீலா டீச்சர் அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் எழுதினார்: மேலே ஒரு குழி, அதில் தண்ணீர், தண்ணீரில் தலைப்பிரட்டை. அரணை ஒன்று. ஆட்டுப் புழுக்கை இல்லை. எழுதிவிட்டு, “தலைப்பிரட்டை இங்க எப்படி ஏறி வந்துது, பகவதி?” என்று கேட்டார். ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் முகத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

முதலில் என் ஷாலைக் காற்று இழுத்தது. நான் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த இழுப்பில் ஷால் கையில் இல்லை, கிழக்குப் பக்கம் எங்கோ போய்விட்டது. அரைமணி நேரத்துக்குள் நிற்க முடியவில்லை. திரும்பிவிடுவோம் என்று இடுக்குக்கு வந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வருகிற காற்று முழுக்க அந்த ஒரு சந்து வழியாகத்தான் போகிறது போலிருந்தது. லீலா டீச்சர் படுத்துக்கொண்டே நகர்ந்து பார்த்தார். பாதி போவதற்குள் காற்று அவர் சட்டைக்குள் புகுந்து ஆளையே புரட்டியது. நான் அவர் கணுக்காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவர் தோள் உரசி ரத்தம் வந்தது. உச்சிக்குக் கிழக்கே பாறை கொஞ்சம் குடைந்த மாதிரி ஒரு பள்ளம், ஒரு பீரோவைப் படுக்க வைத்த அளவு. அதற்குள் இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கினோம். காலை நீட்டினால் பாதம் வெளியே, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அப்போது நான் அவரைத் திட்டினேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை. “சவத்து மலை. நீங்களும் ஒங்க கேள்வியும். எனக்கு என்ன தலையெழுத்தா இதுக்குள்ள வந்து இருக்கணும்ணு” என்று கத்தினேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, “ஏட்டி, அங்க பாரு” என்றார். கீழே நூற்றுக்கணக்கில் காற்றாலை நிற்கிறது. எங்கள் காதைப் பிய்க்கிற காற்று. அவை ஒன்றும் சுற்றவில்லை. எல்லாம் அப்படியே நிற்கின்றன.

முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் சொன்னது அந்த இடத்தில்தான் காதில் விழுந்தது. “நாளைக்கு லைன் வேலை. காலம்பறயிலேருந்து எல்லா மிஷினையும் நிப்பாட்டுகோம். நல்ல காத்து வேற வருகு, எல்லாம் வீணாப் போகும்.” நான் ரசம் ஊற்றிக்கொண்டே ‘ம்’ என்றேன். இருபத்தைந்து வருடமாகக் காற்றாலைப் பேச்சுக்கு நான் அப்படித்தான் ‘ம்’ சொல்லி வந்தேன். கரண்டை எடுத்துக்கொண்டு போக லைன் இல்லாவிட்டால் எவ்வளவு காற்றிலும் மிஷினை நிறுத்திவிடுவார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் விசிறியைப் பார்த்துக் காற்றில்லை என்று சொன்னேன். இரண்டு தடவை கேட்டவரிடம் இரண்டு தடவையும் சொன்னேன்.

அவரிடம் சொன்னேன். காற்றில் கேட்காமல் அவர் காதோடு வாய் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். பள்ளத்துக்குள் இரண்டு பேரும் ஒட்டி இருந்ததால் அவர் சிரிப்பில் என் உடம்பும் குலுங்கியது. “காத்தாடிக்காரர் பெண்டாட்டி” என்று மட்டும் சொன்னார்.

போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. பேசினால் காற்றுதான் கேட்டது. மெசேஜ் அனுப்பினேன். “அங்கேயே இரு, அசையாதே” என்று என் வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. அதிலிருந்து அவர் வந்து சேர ஐந்து மணி நேரம். பழத்தைப் பங்கிட்டுத் தின்றோம். தண்ணீரை மூடியில் ஊற்றிக் குடித்தோம். ஒன்றுக்கு வந்தபோது என்ன செய்தோம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், இருவரும் பெண்கள் என்பதால் பிழைத்தோம். கால் மரத்துப்போனதும் முறை வைத்து ஒரு ஆள் மடங்கி மற்றவர் நீட்டினோம். விழுந்துவிடுவோம் என்ற பயம்கூட ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. அந்தச் சின்ன இடம்தான் பழகவில்லை. மூச்சு முட்டியது. எழுந்து ஓடிவிட வேண்டும்போல உடம்பு துடித்தது, ஓட இடமில்லை. நான் எழப் பார்த்தபோதெல்லாம் அவர் என் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, “பைய, பைய” என்றார்.

என் நடுக்கம் நிற்காததைப் பார்த்து, “எதுக்கு இவ்வளவு? அதான் ஒன் வீட்டுக்காரரு வருகாவல்லா” என்றார். அதற்குத்தான் பயம் என்றேன். “இனி சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவாவ டீச்சர். ஒனக்கு என்னத்தத் தெரியும், சொன்னது காதுல ஏறாதுண்ணு. பிள்ளையளுக்கு முன்னால, சொந்தக்காரங்களுக்கு முன்னால. எனக்கு அதத் தாங்க முடியாது” என்று அழுதேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. உயிர் போகிற இடத்தில் இருந்துகொண்டு நான் அழுதது அதற்கு. அவர், “அப்ப எம்மேல போட்டுரு. எனக்குச் சொல்லிக்காட்ட வீட்டுல ஆளு இல்ல” என்றார்.

நாலு மணிக்கு முதல் காதில் மூன்று தலை தெரிந்தது. என் வீட்டுக்காரரும், காற்றாலைக் கோபுரம் ஏறுகிற இரண்டு தொழிலாளிகளும். இடுப்பு பெல்ட்டும் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். கயிற்றை எறிந்து, பெல்ட்டை அனுப்பி, முதலில் என்னை, பிறகு அவரை, தரையோடு தரையாக இழுத்தார்கள். அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் லீலா டீச்சர் பேசினார். “அண்ணாச்சி, பகவதியை ஒண்ணும் சொல்லாதீங்க. காத்து இருக்கு, மிஷின நிப்பாட்டியிருக்காவண்ணு அவ சொன்னா. நான்தான் கேக்கல. நான்தான் வம்புக்குக் கூட்டிட்டு வந்தேன்.” என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அந்தக் குனிந்ததுதான்.

ஒரு வீட்டுக்குள் முடிந்துபோகும் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். வந்த தொழிலாளிகளில் ஒருவர் போனில் வீடியோ எடுத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் அது பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது, லீலா டீச்சர் தன் வாயால் சொன்ன வார்த்தையோடு. அவர் வருடா வருடம் ஒன்பதாம் வகுப்பை மருந்துவாழ் மலைக்குக் கூட்டிப்போவாரே, உங்களில் பலர் போயிருப்பீர்கள். சொல்லியும் கேட்காமல் காற்றில் ஏறுகிறவரை நம்பி எப்படிப் பிள்ளையை அனுப்புவது என்று பெற்றோர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. பள்ளிக் குழு கூடியது. மாணவர் பசுமைப் படைப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்தார்கள். இனி மாணவரை மலைக்கோ வெளியிலோ கூட்டிச் செல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆசிரியர் பிரதிநிதி.

அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் தலைமையாசிரியை ஆனேன். அப்போதாவது சரிசெய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொரு வருடமும் அதற்கு முந்தின வருடம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பொங்கல் கழிந்ததும் அவர் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். ஒரே ஒரு நாள், மருந்துவாழ் மலை வரைக்கும், கூட இரண்டு ஆசிரியர்கள். எழுந்து நின்று, “தலைமையாசிரியை அவர்களுக்கு” என்று சொல்லித்தான் தருவார், கேலியில்லாமல். நான் குழுவின் தீர்மானத்தைக் காட்டி ‘இயலாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம், மூன்று விண்ணப்பம். ஜன்னலுக்கு எதிரே புதுக் கட்டடம் எழும்பி மலை மறைந்தபோது, பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டத் தொடங்கினார். பாதுகாப்பு என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டதும் நான்தான். கடைசி வருடங்களில் அவர் கரும்பலகையில் மலை வரைந்து பாடம் எடுத்தார். மணி அடித்ததும் வெளியே வந்துவிடுவார். வாசலில் யாரும் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

அவர் ஓய்வு பெறுகிற அன்று மாலையில் என் அறையில் இருவர் மட்டும் இருந்தோம். “டீச்சர், அந்தக் காரியத்த இப்பமாவது எல்லாருக்கும் முன்னால சொல்லிரட்டா?” என்று கேட்டேன். “விடு ஏட்டி. இப்பம் சொன்னா ரெண்டு பேருக்கும் கிறுக்குண்ணு நெனைப்பாவ” என்றார். மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, “ஒரே ஒரு தடவ பிள்ளையள அந்தப் பூனைக்காதுக்கு அடியிலயாவது கொண்டு போயி நிறுத்தி, மேல தலைப்பிரட்டை இருக்குண்ணு சொல்லணும்ணு இருந்து” என்றார். குறையாகச் சொல்லவில்லை. நான் முகத்தைக் காட்ட முடியாமல் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடினேன்.

போன வாரம் இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் மலர்க் குழுவுக்கு அனுப்பவில்லை. முதலில் என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். யாருக்குப் பயந்து ஒன்பது வருடம் வாயைக் கட்டினேனோ அவர் பிறரிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். ஏச்சு வரட்டும், சாகும்வரை சொல்லிக்காட்டட்டும் என்று தயாராக இருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

“லைன் வேலைண்ணு நான் சொன்னது ஒன் காதுல விழுந்திருந்தா, நீ போயிருக்க மாட்ட. டீச்சரு ஒரு தடவை வேண்டாம்ணு சொன்னா கேக்கிற ஆளு. ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா? நீ உசிரோட வந்துட்ட, அதுக்குப் பொறவு அதப்பற்றி என்ன பேச்சுண்ணு விட்டுட்டேன்” என்றார். பிறகு, “டீச்சருக்க வேலையில இவ்வளவு அடி விழுந்துதுண்ணு நீ ஒருநாளும் வீட்டுல வந்து சொல்லலியே” என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் ஒருமுறையும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. இல்லாத ஒன்றுக்குப் பயந்து நான் கிடந்தேன். அந்தப் பயத்துக்காக லீலா டீச்சர் தன் பிள்ளைகளையும் மலையையும் விட்டுக்கொடுத்தார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும், டீச்சர் மலைக்குப் போயிருப்பார், நீங்களும் கூடப் போயிருப்பீர்கள். இதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரிடம் படித்தவர்களே, கூட வேலை செய்தவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பூனைக்காதுக் கதையைச் சொல்வதை நிறுத்த வேண்டாம், அது நல்ல கதை. ஆனால் இனிமேல் சரியாகச் சொல்லுங்கள். லீலாபாய் டீச்சர் காற்றைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். காற்றாலைக்காரர் பெண்டாட்டி பகவதி இரண்டு தடவையும் பார்த்துவிட்டேன் என்றாள். அவருடைய பொருள் என்று நான் வைத்துக்கொள்ள வேறு ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் பழியை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். அது முதலிலிருந்தே என்னுடையது.